முதல் சமையல் லசான்யாவாக இருக்கட்டும்

சமைக்கத் தெரியாத ஒருவர் முதன்முதலில் எதைச் சமைத்துப் பழக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று முட்டைப் பொரியல். மற்றொன்று உடனடி நூடல்ஸ். இரண்டும் ஐந்து நிமிட வேலை. இரண்டிலும் தோற்பது கடினம். அதனால்தானோ என்னவோ, அவற்றைச் செய்து பழகியவர்கள் பெரும்பாலும் அவற்றோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், சமையலில் அடியெடுத்து வைக்கும் மாணவர் லசான்யாவில் தொடங்கலாம் என்பேன்.

இதைக் கேட்டு என் சித்தப்பா ஒருமுறை சிரித்தார். "நடக்கத் தெரியாதவனை மலையேறச் சொல்கிறாயே!" என்றார். அவர் லசான்யாவைச் சாப்பிட்டிருக்கிறாரே தவிர, செய்து பார்த்ததில்லை. செய்து பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

நான் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுச் சமையலறை பாட்டியின் கையில் இருந்தது. அம்மா தாதி, வாரத்தில் பாதி நாள் இரவுப் பணி. அப்பாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அக்கா தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒருநாள் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரங்களுக்குக் கையில் கட்டுப் போட்டுவிட்டார்கள்.

முதல் வாரம் எனக்குக் கொண்டாட்டம்தான். அப்பாவும் நானும் கீழே இறங்கிப் போய்ப் பொட்டலம் வாங்கி வருவோம். ஒருநாள் கோழிச் சோறு, ஒருநாள் பிரியாணி, ஒருநாள் மீ கோரிங். இரண்டாம் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். பாட்டி பாதிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிடுவார். அவருக்கு இரத்த அழுத்தம் அதிகம், உப்பு ஆகாது. பல்லும் முன்போல் இல்லை. "பசிக்கவில்லை" என்பார். நாங்களும் நம்பினோம். அல்லது நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அம்மா வீட்டில் இல்லாத நாள்களில் அக்காதான் கல்லூரியிலிருந்து வந்து, பாட்டிக்குத் தனியாகக் கஞ்சி வைப்பார். அவருக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கூடத்தில் அமர்ந்து கணினி விளையாட்டில் மூழ்கியிருப்பேன். ஒரு மாலைப்பொழுதில் அக்கா கையில் அகப்பையுடன் வந்து என் முன்னால் நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "டேய், பாட்டிக்குத்தான் கை உடைஞ்சிருக்கு. உனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளியில் சமையல் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருந்தேன். ஆனால், பாடம் முடிந்ததும் ஏப்ரனை மடித்துப் பைக்குள் வைத்தால், அடுத்த வாரம்தான் வெளியே எடுப்பேன். பள்ளியில் கற்றதை வீட்டில் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யாரும் சொன்னதும் இல்லை. அக்காவை மட்டும் சிறு வயதிலிருந்தே, "வந்து வெங்காயம் உரி" என்று அழைப்பார்கள். என்னை, "வந்து சாப்பிடு" என்று அழைப்பார்கள்.

மறுநாள் நான் சாம்பார் வைக்கத் துணிந்தேன். அங்கேதான் தவறு செய்தேன். பாட்டி கையில் கட்டோடு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார். "கடுகு வெடிச்சுதா? வெந்தயத்தைப் போடு! கறிவேப்பிலை எங்கே? ஐயோ, கருகுது பார்!" தாளிப்பு என்பது சில நொடிகளில் முடிந்துபோகும் காரியம். பழகிய கைக்கு அது விளையாட்டு. பழகாத கைக்கு அது தேர்வு. தேர்வு அதிகாரி பக்கத்திலேயே அமர்ந்திருக்கும் தேர்வு. வெந்தயம் கருகி, சாம்பார் கசந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தயிரை எடுத்து வந்தார்.

அன்று இரவு யோசித்தேன். எங்கள் வீட்டில் சாம்பார் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் என் சாம்பார் எங்கே தவறியது என்பதும் எல்லாருக்கும் தெரியும். யாருக்குமே தெரியாத ஓர் உணவைச் செய்தால் என்ன? மென்மையாக இருக்க வேண்டும். பாட்டி மெல்லச் சிரமப்படக் கூடாது. உப்பு என் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஒருமுறை செய்தால் மறுநாளுக்கும் வர வேண்டும். நண்பன் வீட்டில் ஒருமுறை சாப்பிட்ட லசான்யா நினைவுக்கு வந்தது.

லசான்யா இத்தாலி நாட்டு உணவு. கோதுமை மாவில் செய்த மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே குழம்பும் பாலாடைக்கட்டியும் வைத்து, ஓவனில் வேக வைப்பார்கள். அவ்வளவுதான். ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட 'லிபெர் தே கொக்குயினா' என்னும் சமையல் நூலிலேயே இதற்கான குறிப்பு இருக்கிறது. மாவுத் துண்டுகளை வேக வைத்து, பாலாடைக்கட்டியும் மசாலைத் தூளும் தூவி அடுக்கச் சொல்கிறது அந்தக் குறிப்பு. அதில் தக்காளி கிடையாது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. நம் சாம்பாரில் இருக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அதே கதைதான். ஆக, இத்தாலியரின் தக்காளிக் குழம்பும் நம் மிளகாய்க் குழம்பும் ஒரே கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிகளைத் தத்தெடுத்துக்கொண்டவை. 'அது அந்நிய உணவு' என்று ஒதுக்குபவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, செய்முறைக்கு வருவோம். ஐந்தாறு பேருக்கான அளவைச் சொல்கிறேன்.

முதல் வேலை, அடுப்பைப் பற்ற வைக்காமல் எல்லாவற்றையும் நறுக்கி வைப்பது. இரண்டு வெங்காயம், ஒரு கேரட், மூன்று பல் பூண்டு. எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக்கொள்ள வேண்டும். சாம்பார் வைத்த அன்று நான் எண்ணெயைக் காய வைத்துவிட்டுக் கறிவேப்பிலையைத் தேடினேன். அந்தப் பாடம் போதும்.

வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, வெங்காயத்தையும் கேரட்டையும் மிதமான தீயில் வதக்க வேண்டும். அவசரம் வேண்டா, பத்து நிமிடம் ஆகட்டும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் பூண்டைச் சேர்க்கலாம். பிறகு 500 கிராம் கொத்திய கோழி இறைச்சி. கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளாமல் மரக்கரண்டியால் உடைத்துவிட்டுக் கிளற வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் முற்றிலும் மறைந்த பின், 400 கிராம் தக்காளி டின் ஒன்று. டின்னில் பாதியளவு தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதையும் சேர்த்துவிடலாம். சிறுதீயில் அரை மணிநேரம் கொதிக்கட்டும். குழம்பு சற்றுத் தளர்வாகவே இருக்க வேண்டும். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

சைவ உணவு உண்பவர்கள் இறைச்சிக்குப் பதிலாக ஒரு குவளை மைசூர்ப் பருப்பைச் சேர்க்கலாம். அது விரைவில் குழைந்துவிடும் பருப்பு என்பதால் ஊற வைக்கத் தேவையில்லை. தண்ணீர் மட்டும் கூடுதலாக வேண்டும். பூசணிக்காயும் பசலைக் கீரையும் இதில் நன்றாகப் பொருந்தும். சைவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில பாலாடைக்கட்டிகளில் பாலை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ அத்தகையதே. எனவே உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. வீட்டுக்கு முஸ்லிம் நண்பர்கள் வருவதாக இருந்தால் ஹலால் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். ஒரு பொருளை வாங்குமுன் உறையைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்ததே லசான்யாவால்தான்.

அடுத்தது வெள்ளைக் குழம்பு. இதுதான் லசான்யாவின் இதயம். என் முதல் முயற்சி நொறுங்கியதும் இங்கேதான்.

50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா மாவு, 600 மில்லிலிட்டர் பால். மூன்றே பொருள்கள். வெண்ணெயை உருக்கி, மாவைக் கொட்டி, பாலை ஊற்றிக் கிளற வேண்டும் என்று நான் படித்திருந்தேன். அப்படியே செய்தேன். பால் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றினேன். ஒரு நிமிடத்தில் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோலிக்குண்டுகள் மிதந்தன. கரண்டியால் நசுக்கினால் உள்ளே உலர்ந்த மாவு. பாட்டி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, கொழுக்கட்டையா?" என்று கேட்டார். ஆனால், அதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அது என்னவாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதே! அந்த அமைதி எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

மாவு ஏன் கட்டியாகிறது? மாவில் உள்ள மாச்சத்துத் துகள்கள் சூடான நீர் பட்டவுடன் அதை உறிஞ்சி வீங்கிப் பசையாகின்றன. ஒரு மாவுக் குவியலின் வெளிப்புறம் மட்டும் பசையாகிவிட்டால், அது ஒரு தோல்போல் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மாவுக்கு நீர் போய்ச் சேராது. எனவே, மாவுத் துகள்கள் ஒன்றையொன்று ஒட்டாமல் முதலிலேயே பிரிந்திருக்க வேண்டும். வெண்ணெயின் வேலை அதுதான். உருகிய வெண்ணெயில் மாவை இரண்டு நிமிடம் சிறுதீயில் கிளறினால், ஒவ்வொரு துகளையும் கொழுப்புச் சூழ்ந்துகொள்ளும். பச்சை மாவு வாடையும் போய்விடும். பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு கரண்டிப் பால் மட்டும் ஊற்றிக் கலக்க வேண்டும். அது மொத்தையாகக் கெட்டிப்படும். பயப்பட வேண்டா. இன்னொரு கரண்டிப் பால். பிறகு இன்னொன்று. மொத்தை தளர்ந்து வழவழப்பானதும் மீதிப் பாலை ஊற்றி, மீண்டும் அடுப்பில் வைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் எட்டுப் பத்து நிமிடங்களில் குழம்பு தயார். கரண்டியைத் தோய்த்து எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு அழியாமல் நின்றால் பதம் வந்துவிட்டது.

இதில் கொஞ்சம் சாதிக்காயைத் துருவிப் போடுவது இத்தாலியரின் வழக்கம். சாதிக்காய் இத்தாலியில் விளைவதன்று. அதன் பிறப்பிடம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். அதாவது, அது நம் அண்டை வீட்டுப் பொருள். பாட்டியின் மசாலை டப்பாவிலேயே ஒன்று இருந்தது.

என் கோலிக்குண்டுக் குழம்பு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? வடிகட்டியில் ஊற்றி, கட்டிகளை அழுத்தித் தேய்த்து, மீண்டும் அடுப்பில் வைத்தேன். சரியாகிவிட்டது. லசான்யாவை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். அது பிழையைப் பொறுத்துக்கொள்ளும் உணவு. குழம்பு நீர்த்துவிட்டால் இன்னும் சற்று நேரம் கொதிக்க வைக்கலாம். கெட்டியானால் பால் சேர்க்கலாம். தகடு உடைந்தால் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். மேலே குழம்பை ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கட்டத்திற்கும் இடையில் அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சு விட்டு, குறிப்பை மீண்டும் படிக்கலாம். தோசைக்கு அந்த வசதி இல்லை. பூரிக்குச் சற்றும் இல்லை. காய்ந்த எண்ணெய் நமக்காகக் காத்திருக்காது.

இனி அடுக்க வேண்டியதுதான். ஆழமான ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் முதலில் கொஞ்சம் இறைச்சிக் குழம்பு. அதன்மேல் தகடுகள். வேக வைக்காமலேயே பயன்படுத்தக்கூடிய தகடுகள் பேரங்காடியில் கிடைக்கின்றன. குழம்பு தளர்வாக இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். காய்ந்த தகடு குழம்பிலுள்ள நீரைக் குடித்துத்தான் வேகிறது. நீர் போதாவிட்டால் அது அட்டைபோல் இருக்கும். தகட்டின்மேல் இறைச்சிக் குழம்பு, அதன்மேல் வெள்ளைக் குழம்பு, ஒரு கைப்பிடி துருவிய பாலாடைக்கட்டி. மறுபடியும் தகடு. இப்படி மூன்று அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைக் குழம்பும் மீதிப் பாலாடைக்கட்டியும். தகட்டின் ஓரங்கள் வெளியே தெரியாதபடி குழம்பால் மூடிவிட வேண்டும். பாலாடைக்கட்டியில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், குழம்புகளில் நான் உப்பை மிகக் குறைவாகவே போட்டேன். பாட்டிக்குச் செய்யும்போது இறைச்சிக் குழம்பில் உப்பே போடுவதில்லை. மிளகுத்தூள் அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

அலுமினியத் தாளால் மூடி, 180 பாகை செல்சியஸில் 25 நிமிடம். தாளை எடுத்துவிட்டு, மேற்பகுதி பொன்னிறமாகும்வரை இன்னும் 15 நிமிடம். கத்தி முனையால் நடுவில் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது.

வெளியே எடுத்தவுடன் வெட்டக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் நான் கடுமையாக வலியுறுத்துவேன். 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். சூடு சற்றுத் தணியும்போதுதான் குழம்பு இறுகி, அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். உடனே வெட்டினால் குழம்பெல்லாம் வழிந்தோடி, தட்டில் சரிந்த கட்டடம்போல் கிடக்கும். மணம் வீடு முழுவதும் பரவியிருக்க, நான்கு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, அந்த 15 நிமிடம் மிக நீண்டது. அப்பா அந்த நேரத்தில் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினார். அவர் பாத்திரம் கழுவி நான் பார்த்தது அதுவே முதல்முறை.

இப்போது, என் கருத்தை ஏற்காதவர்கள் சொல்வதையும் கேட்போம்.

இத்தாலியர் இதை ஏற்பார்களா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் பொருள் இருக்கிறது. லசான்யாவுக்குப் பெயர்பெற்ற போலோன்யா நகரில், அதற்குரிய இறைச்சிக் குழம்பின் செய்முறையை இத்தாலியச் சமையல் கழகம் 1982ஆம் ஆண்டில் நகர வணிகச் சங்கத்தில் முறைப்படி பதிவே செய்தது. அதில் மாட்டிறைச்சியும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் சேரும். நம் வீடுகள் பலவற்றில் அவை இரண்டுக்கும் இடமில்லை. ஆனால், அதே கழகம் 2023இல் அந்தக் குறிப்பைத் திருத்திப் புதுப்பித்தது என்பதையும் சொல்ல வேண்டும். இத்தாலிக்குள்ளேயே எல்லாரும் ஒரே லசான்யாவைச் செய்வதில்லை. போலோன்யாவில் கீரை அரைத்துச் சேர்த்த பச்சை நிறத் தகடுகளைப் பயன்படுத்துகிறார்கள். தெற்கே நேப்பிள்ஸில் வெள்ளைக் குழம்புக்குப் பதிலாக ரிக்கோத்தா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியையும் சின்னஞ்சிறு இறைச்சி உருண்டைகளையும் வைக்கிறார்கள். ஊருக்கு ஊர் மாறும் சாம்பாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. போலோன்யாவின் செய்முறை என்று சொல்லிக்கொண்டு கோழியைப் போட்டால் அது பொய். வீட்டு லசான்யா என்று சொல்லிப் போட்டால் அதில் குற்றமில்லை.

செலவு அதிகம் என்பது அடுத்த குறை. நான் முதல்முறை செய்தபோது ஏறத்தாழ 20 வெள்ளி ஆயிற்று. அதில் கால்வாசிக்கு மேல் பாலாடைக்கட்டிக்கே போனது. அன்று இரவு நான்கு பேர் சாப்பிட்டோம். இரவுப் பணி முடிந்து வந்த அம்மாவுக்கு ஒரு துண்டு. மறுநாள் பாட்டிக்கும் எனக்கும் மதிய உணவு. மலிவு என்று சொல்ல மாட்டேன். நால்வருக்குப் பொட்டலம் வாங்கிய கணக்கோடு ஒப்பிட்டால் விலை உயர்ந்தது என்றும் சொல்ல முடியாது. மீதியை ஆறிய பின், இரண்டு மணிநேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். மீண்டும் சூடாக்கும்போது உள்ளேயும் ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். மறுநாள் லசான்யா முதல்நாளை விடச் சுவை என்பது என் கட்சி. அக்கா இதை ஒப்புக்கொள்வதில்லை.

ஓவன் இல்லாத வீடுகளும் உண்டு. ஆழமான வாணலியிலேயே அடுக்கி, இறுக்கமாக மூடி போட்டு, மிகச் சிறுதீயில் வேக வைக்கலாம். மேலே பொன்னிறம் மட்டும் வராது. பொன்னிறம் இல்லாததைப் பெரிய இழப்பு என்று நான் சொன்னால் அது உண்மை. அதற்காகச் செய்யாமல் விட வேண்டும் என்றால் அது சாக்கு.

இவற்றையெல்லாம் விட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. மின்தூக்கியில் இறங்கினால் உணவங்காடி நிலையம். அங்கே நூறு வகை உணவு. எதற்காக இரண்டு மணிநேரம் அடுப்படியில் நிற்க வேண்டும்? சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை 2020இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. எனக்கும் அதில் பெருமைதான். இன்றும் வாரத்தில் பல நாள் நான் அங்கேதான் சாப்பிடுகிறேன். ஆனால், அங்கே சமைப்பவருக்கு என் பாட்டியின் இரத்த அழுத்தம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் முடியாது. வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது, அவருக்கு ஏற்றாற்போல் ஓர் உணவைச் செய்ய வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் அந்த எண்ணிக்கை இரண்டு. அந்த இருவருள் ஒருவர் விடிய விடிய மற்றவர்களின் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பதினெட்டு வயதில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். உடல் நலத்தோடு வீட்டில் இருந்த ஆண்கள் இருவரும் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஆண்பிள்ளைகள் சமைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது இருப்போம். யாரும் சொல்லாததால்தான் அது அத்தனை ஆண்டுகள் நீடித்தது. அக்காவுக்கு அந்தத் தேர்வு முடிவு அவர் விரும்பியபடி வரவில்லை. அந்த ஆறு வாரம்தான் அதற்குக் காரணம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சில நேரம் அப்படி நினைப்பதுண்டு.

நம் உணவைக் கற்காமல் அயல்நாட்டு உணவைக் கற்பதா என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. நான் சாம்பாரைக் கைவிடச் சொல்லவில்லை. நான்காவது முறை லசான்யா செய்து முடித்த பின்னர்தான் சாம்பாரிடம் திரும்பிப் போனேன். அதற்குள் என் கை சில செய்திகளைத் தெரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே நறுக்கி வைப்பது, தீயைக் குறைக்கத் தயங்காதது, அடிக்கடி சுவைத்துப் பார்ப்பது, பிசகினால் பதறாமல் இருப்பது. இம்முறை வெந்தயம் கருகவில்லை. பாட்டி அப்போதும் வாசலில்தான் அமர்ந்திருந்தார். "புளி கொஞ்சம் தூக்கல்" என்றார். அது குறையாக இருந்தாலும் ஒரு சமையல்காரர் இன்னொரு சமையல்காரரிடம் சொல்லும் குறையாக எனக்குக் கேட்டது.

அந்த முதல் நாளுக்கு வருகிறேன். 15 நிமிடம் முடிந்ததும் வெட்டினேன். ஓரத் துண்டு சரிந்துவிட்டது. அதை நானே எடுத்துக்கொண்டேன். நடுத் துண்டு நேராக நின்றது. அதைப் பாட்டிக்கு வைத்தேன். அவர் இடது கையில் கரண்டியைப் பிடித்து, மெதுவாக ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். பிறகு இன்னொரு வாய். நான் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுக் காலியாகும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

பாட்டியின் கை இப்போது குணமாகிவிட்டது. சமையலறை மீண்டும் அவர் வசம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது எனக்கும் அப்பாவுக்கும் உரியது. அப்பா வெங்காயம் நறுக்குவார். இன்னும் பொடியாக வராது. லசான்யா என்ற பெயர் பாட்டியின் வாயில் நுழைவதில்லை. "அந்த அடுக்கு ரொட்டி செய்யுங்கப்பா" என்பார். தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாயும் கேட்பார். இரத்த அழுத்தத்தை நினைத்து, ஒரே ஒரு சின்னத் துண்டு வைப்போம்.